பள்ளிக்கூடப் படத்தில் ஐந்தாவது முகம்

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் அந்தக் காலத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் என் கைவேலை ஒன்றாவது சுவரில் தொங்கும். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமையாக இருந்தது கொஞ்ச நாள்தான்.

யுத்தத்துக்கு முன்னால் பாடப் படங்கள் எல்லாம் சீமையில் அச்சாகி வந்தன. பசுமாட்டின் உள்ளுறுப்பு, எலும்புக்கூடு, பூமியின் கண்டங்கள். யுத்தம் வந்ததும் கப்பலில் துப்பாக்கிக்கே இடம் போதவில்லை, படத்துக்கு எங்கே போவது? சுவரில் தொங்கிக் கிழிந்த பழைய படங்களைப் பார்த்துத் துணியில் எழுதித் தர ஆள் தேடினார்கள். கச்சேரி ரோட்டில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து போர்டு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

வேலை இப்படி. மூலப்படத்தை மெல்லிய தாளில் கோடாக எடுத்துக்கொள்வேன். கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துவேன். கஞ்சி போட்ட துணியின் மேல் அந்தத் தாளை விரித்து, கரித்தூள் கட்டிய பொட்டணத்தால் தட்டினால் புள்ளி புள்ளியாக உருவம் இறங்கிவிடும். அப்புறம் வர்ணம் தீட்ட வேண்டியதுதான். ஒரு தாள் குத்திவிட்டால் நூறு படம் எழுதலாம். நூறும் ஒரே முகமாக இருக்கும்.

பள்ளிக்கூடங்கள் அதிகம் கேட்டது ‘மனித சாதிகள் ஐந்து’ என்ற படம். ஐரோப்பியர், இந்தியர், சீனர், செவ்விந்தியர் என்று மேலே நான்கு முகம். கீழே தனியாக ஒன்று, ‘காப்பிரி’. ஆப்பிரிக்காக்காரர்களுக்கு எங்கள் பேச்சில் அப்போது அதுதான் பெயர், அது வசை என்று எங்களில் யாருக்கும் உறைத்ததில்லை. எனக்குக் கொடுத்த மூலப்படத்தில் அந்த ஐந்தாவது முகத்தைத்தான் பூச்சி அரித்திருந்தது. உதடும் ஒரு காதும்தான் மிச்சம். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருவிழா நாடகங்களுக்குத் திரை எழுதின கை இது. அசுரனுக்கு எழுதுகிற உருட்டுக் கண்ணை எடுத்து அங்கே வைத்தேன். மூக்கை அகல இழுத்தேன். உதட்டுக்குச் சிவப்பு ஏற்றினேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, வேறெதுவும் கலக்காமல் முகம் முழுக்கப் பூசினேன். அந்த நாட்டு மனிதர் ஒருவரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமல் எழுதுகிறோமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

யுத்தம் முடிந்தது. பர்மாவில் சண்டை போட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கப் பட்டாளம் ஒன்று, ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் பட்டணத்துக்கு வெளியே கூடாரம் அடித்துக் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியில் ஊருக்குள் வருவார்கள். ஜனங்களின் வாய்க்குக் கேட்க வேண்டுமா?

“பச்சக் கறி துன்றானுங்களாம்!”

“பின்னாடி வாலு கீதாம்பா. அத்த மறைக்கத்தான் தொளதொளன்னு கால்சட்ட.”

எனக்கு ஊர்ப்பேச்சு என்றால் வெல்லம். நாலு பேர் நின்று பேசினால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பேன். அதையும் சிரித்துச் சிரித்துக் கேட்டேன். கேட்டதைப் பக்கத்துக் கடையில் போய்ச் சொன்னேன்.

சித்திரை வெயில் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. பூசை முடிந்து சாந்தோம் மாதாகோயிலிலிருந்து ஜனம் திரும்பிக்கொண்டிருந்தது. நானும் பூசை பார்த்துவிட்டு வந்து, காயப் போட்ட படங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் கடை வாசலில் ஆப்பம் சுட்டு விற்கும் அக்கா ஒருத்தி உண்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது. அவள்தான் குரல் கொடுத்தாள்.

“இன்னா நைனா, வாசல்ல எமன் வந்து நின்னுகினு கீறான், நீ பாட்டுக்கு முதுவக் காட்டிகினு கீற!”

திரும்பினேன். ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவர். தொப்பியைத் தோள்பட்டியில் செருகி, கையில் ஜெபமாலையைச் சுற்றியபடி, கயிற்றில் காயும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் இங்கிலீஷ் வர்ண டப்பாவிலும் போர்டிலும் படித்துத் தேற்றிய இங்கிலீஷ். ஆகையால் அவர் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

“இது யார்?” என்று ஐந்தாவது முகத்தைக் காட்டிக் கேட்டார்.

“ஆப்பிரிக்கா ஆள்.”

“ஆப்பிரிக்கா ஆளை நீ பார்த்திருக்கிறாயா?”

“இப்போதுதான் பார்க்கிறேன்.”

“இப்படியா இருக்கிறேன்?”

ஆப்பக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சொல்றாரு?” என்றாள். சொன்னேன். எழுந்து வந்து படத்தை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“அட நாசமாப் போறவனே, இது இன்னாடா பூச்சாண்டி? இந்தாளு உன்னியவிட ஒரு சுத்து செவப்பா கீறாரு!”

அவர் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். அடி வயிற்றிலிருந்து சிரித்தார். அன்றைக்கு அவள் பலகையைத் துடைத்துப் போட்டு, “குந்து, சாமி” என்று உட்கார வைத்து ஆப்பம் கொடுத்தாள். எமன் சாமியாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கக் கரை என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த தேசத்தில், கடலோரத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் வாத்தியார். பட்டாளத்தில் எழுத்துத் தெரியாத சிப்பாய்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பவர். அன்றிலிருந்து நான் அவரை வாத்தியார் என்றேன், அவர் என்னை ‘பெயிண்டர்’ என்றார். ஒவ்வொரு ஞாயிறும் வருவார்.

இரண்டாவது ஞாயிறு, பூச்சி அரித்த சங்கதியையும் அசுரன் கண் வைத்ததையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோலத்தான் இருந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கயிற்றில் காயும் படத்தைக் காட்டினார்.

“என் பள்ளிக்கூடத்திலும் இந்தப் படம் தொங்குகிறது, பெயிண்டர். லண்டனில் அச்சடித்தது. பூச்சி அரிக்காதது. அதிலும் இதே முகம்தான்.”

அந்த முகத்தைப் பிரம்பால் தொட்டுத் தொட்டு ஆறு வருஷம் பாடம் நடத்தினாராம். உதடு தடிப்பு, மூளை சிறிது, வேலைக்கு ஏற்றவன் என்று புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்களாம். “இது யார் என்று கேட்டால் என் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் என்பார்கள். ஒருவனும் அது தான்தான் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்த அன்று வெள்ளைக்கார அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில்தான், ஓகோ, இவன் அந்தப் படத்தைப் பார்க்கிறான் என்று புரிந்தது.”

அவர் பையில் அட்டை போன ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அவர் தேசத்துக் கறுப்பர்களும் அமெரிக்காவில் இருக்கும் கறுப்பர்களும் எழுதின கட்டுரைகள். கப்பலுக்குக் கப்பல் கைமாறி, மடிந்து, எண்ணெய் பட்டு வந்த புத்தகம். அதிலிருந்து நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொல்வார். எனக்குப் பாதி புரியும். புரிந்த பாதி இன்னும் மறக்கவில்லை. மனிதனைப் பிடித்து விற்கிற வியாபாரம் முதலில் நடந்ததாம். அதற்கு நியாயம் சொல்ல இந்த மாதிரிப் படங்களைப் பின்னால் எழுதினார்களாம். “கேள்வி கேட்கிறவன் எப்போதும் ஒருவன், அளந்து பார்க்கப்படுகிறவன் எப்போதும் இன்னொருவன். இடம் மாற்றி உட்காரச் சொல்கிறோம், அவ்வளவுதான்” என்றார்.

அப்போதுதான் கேட்டார். ஊருக்குப் போகும்போது ஒரு படம் எடுத்துப் போக வேண்டும். அதே ஐந்து முகம், ஐந்தாவது மட்டும் நிஜமான முகமாக இருக்க வேண்டும். லண்டன் படத்தை இறக்கிவிட்டு அதே ஆணியில் இதை மாட்டுவேன் என்றார். கப்பல் ஆனி மாசம் வரும் என்று பேச்சு.

“உங்களுக்கு மட்டும் என்ன? இனி எல்லாப் படத்திலும் உங்கள் முகம்தான்” என்றேன் நான். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அந்தக் கோடையில் ஒரு தலைமையாசிரியர் பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடங்களுக்காகப் படம் சொல்லியிருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் கொடுக்க வேண்டும்.

மூன்று ஞாயிறு அவரை எதிரே உட்கார வைத்துக் கோடு எடுத்தேன். புதுத் தாளில் ஊசி குத்தினேன். நிறம் கலக்கும்போதுதான் திண்டாட்டம். கரியை எடுத்தால் கரியாகத்தான் இருக்கிறது. காவியும் பழுப்பும் நீலத்தில் ஒரு துளியும் சேர்த்துக் கலந்து பார்த்தேன். அவர் கையை நீட்டி என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று. அதற்கப்புறம் அவர் இல்லாத நாட்களில் என் முழங்கையைப் பார்த்தே நிறம் சேர்த்தேன்.

“அப்படியானால் இவர் யார்?” என்று படத்தில் இந்தியரைக் காட்டினார். தலைப்பாகை கட்டி, கோதுமை நிறத்தில், துரை வீட்டுப் பிள்ளைபோல இருந்தார் என் இந்தியர்.

“படம் கொஞ்சம் அழகாக இருக்க வேண்டாமா?” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் “நிறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். அடுத்த முறை வேறு இடத்தார் பார்க்க வந்தபோது பவுடர் டப்பா வாங்கி வந்தவன் நான்தான். இதெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இந்தியருக்கும் என் முழங்கை நிறத்தையே பூசினேன்.

முதல் படம் முடிந்தது. வாத்தியார் அதன் முன்னால் நின்றார். ஆப்பக்கார அக்காவும் எட்டிப் பார்த்து, “இப்ப சரி. மனுசன் மனுசனா கீறான்” என்றாள்.

அந்த வாரம் தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர். கதர் கட்டுகிறவர். மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர். பிள்ளைகளைக் கை நீட்டி அடித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“ஏன்யா, யாரைப் பார்த்துண்டு இதை எழுதினே?”

“நிஜ ஆளைப் பார்த்தே எழுதினேன், சார். பட்டாளத்துக்காரர். அவரும் வாத்தியார்தான்.”

“அது சரி. ரெண்டு பேரும் ஒரே நிறமா இருக்காளே? நம்ம ஆளும் அவனும் அண்ணன் தம்பி மாதிரின்னா இருக்கு! அஞ்சு சாதிக்கும் வித்தியாசம் எழுதுன்னு பரீட்சையில கேப்பா. பசங்க என்னத்தைப் பார்த்து எழுதுவா?”

“நிறம் அப்படித்தான் சார் இருக்கு.” முழங்கையைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். “உன் கையா பாடப் புஸ்தகம்? மூலத்துல எப்படி இருக்கோ அப்படி எழுது, போதும்.”

“மூலத்துல பூச்சி அரிச்சுட்டது, சார். அந்தக் கண்ணு நாடகத்து அசுரன் கண்ணு. நானா வச்சது.”

கொஞ்சம் யோசித்தார். “இருக்கட்டுமே. அதான் நன்னா இருக்கு. பார்த்த உடனே இன்னார்னு தெரியறது.”

போகிற போக்கில் ஒரு சங்கதி சொன்னார். பல வருஷம் முன்பு ரயிலில், டிக்கெட் இருந்தும் அவரை ஒரு வெள்ளைக்காரன் வண்டியை விட்டு இறக்கினானாம். “இறக்கினது போகட்டும்யா. நம்மளைப் போய்க் காப்பிரின்னான்! அதைத்தான் தாங்க முடியலை.” “அக்கிரமம் சார்” என்றேன். அவர் போய் வெகு நேரம் கழித்து, காய்ந்துகொண்டிருந்த வாத்தியாரின் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் எதற்கு ஆமாம் போட்டேன் என்று உறைத்தது.

வாசலில் இறங்கும்போது தலைமையாசிரியர் சொன்ன கடைசி வார்த்தையையும் எழுதிவிடுகிறேன். “உனக்குச் சிரமமா இருந்தாச் சொல்லு. திருவல்லிக்கேணியில ஒருத்தன் எழுதறான். அவன்கிட்ட சொல்லிடறேன்.”

எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன், என்னிடமே பல தடவை. பழைய தாளை எடுத்து விரித்தேன். கரிப்பொட்டணத்தைத் தட்டினேன். அசுரன் கண் புள்ளி புள்ளியாக வந்து உட்கார்ந்தது.

துணிக்குப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். ரேஷன் கார்டுக்குக் கிடைப்பது வேட்டிக்கே போதாது. பன்னிரண்டாவது படத்துக்குத் துணி இல்லை. மறுநாள் தலைமையாசிரியர் ஆள் அனுப்பப் போகிறார். கடையில் கஞ்சி போட்டு, சட்டம் அடித்துத் தயாராக இருந்த துணி ஒன்றே ஒன்றுதான், வாத்தியாரின் படம். கப்பல் ஆனியில்தானே, அதற்குள் எங்கேயாவது துணி புரட்டி இன்னொன்று எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மற்ற மூன்று முகத்தையும் விட்டுவிட்டு, இந்தியர் மேல் கோதுமை நிறத்தைப் பூசினேன். அப்புறம் வாத்தியார் மேல் கரியைப் பூசினேன். நெற்றியில் தொடங்கினேன். கண் வரைக்கும் வந்து கொஞ்சம் நின்றேன். பிறகு முடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே லாரி வந்து நின்றது. ஞாயிறு இல்லை, வியாழனோ வெள்ளியோ. வாத்தியார் குதித்து இறங்கி ஓடி வந்தார். கப்பல் முந்திவிட்டது, காலையில் ஏறுகிறோம், பத்து நிமிஷம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன் என்றார். கையில் படத்தைச் சுற்ற மெழுகுத் துணியும் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

கடைக்குள் கயிறு கட்டிப் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு அசுரன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்னுடையது எது?”

நான் கடைசிப் படத்தைக் காட்டினேன். கன்னத்தில் கரி இன்னும் ஈரமாக இருந்தது. ஓர் ஓரத்தில், காதுக்குக் கீழே, பூச்சு சரியாக மூடாமல் பழைய நிறம் கொஞ்சம் தெரிந்தது. அவர் அந்த இடத்தை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

நான் என்னென்னவோ சொன்னேன். தலைமையாசிரியர், துணி, ஜூன் மாசம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் குத்திய புதுத்தாளை எடுத்து நீட்டினேன். “இதையாவது கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் யாராவது எழுதுவார்கள்.”

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “ஓட்டையை மாட்ட முடியாது, பெயிண்டர்” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பழைய தாளைக் காட்டினார். “அதைக் கொடு.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது போனால் அந்த முகத்தை மறுபடி எழுத முடியாது. மூலப்படமும் செல்லரித்துப் போய்விட்டது. அவர் கேட்டது அதைத்தான்.

“இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள்” என்றேன்.

லாரிக்காரன் இரண்டு தரம் ஹார்ன் அடித்தான். வாத்தியார் மெழுகுத் துணியை மடித்து என் பலகை மேல் வைத்தார். “துணிக்குப் பஞ்சம் என்றாயே, இது உதவும்” என்றார். கை கொடுத்தார். என் கையில் கரி அப்பியிருந்தது. அதோடு கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பக்கார அக்கா பலகையைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“இன்னா நைனா, உன் வாத்தியாரைக் காணோம்?”

“கப்பல் ஏறிட்டாருக்கா.”

“படத்த எத்துகினு போனாரா?”

“போனாரு.”

“நல்லா இருக்கட்டும். அங்க மாட்டிகினா பசங்க பாக்கும்” என்றாள். அவளிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு எத்தனையோ சொன்னேன், இது ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. தெருவெல்லாம் தோரணம், பள்ளிக்கூடங்களில் மிட்டாய். தலைமையாசிரியர் மகா சந்தோஷமாக என் கடைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு ரிக்‌ஷாவில் என் படங்கள் சுருட்டி வந்தன.

“நம்ம ராஜ்யம் வந்தாச்சு. இந்தியருக்கு இனிமே இந்த ராஜா தலைப்பாகை வேண்டாம்யா. வெள்ளைக் கதர்க் குல்லாயா மாத்திடு.”

“மத்தவங்க, சார்?”

“மத்த நாலு பேரும் அப்படியே இருக்கட்டும்.”

படங்களைப் பிரித்துச் சுவரில் சாய்த்தேன். காதுக்குக் கீழே பழைய நிறம் தெரிகிற படமும் அதில் இருந்தது. இந்தியர் எல்லாருக்கும் குல்லாய் போட்டேன். அந்தக் காதுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கரி தொட்டு மூடினேன்.